மண்வாசனையைச் செய்யும் நொதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகையினர். குழாயிலோ லாரியிலோ வந்த தண்ணீரில் சேற்று வாடை தட்டினால் அதைக் குடிக்கலாமா என்று கேட்கும் இல்லத்தார் ஒரு வகை. நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படித்துக்கொண்டு, மண்வாசனையை உண்டாக்கும் நொதி (உயிர்களுக்குள் வேதிவினைகளை நடத்தும் புரதம்) எது, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் மற்றொரு வகை. இரு சாராருக்கும் விடை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. கோடைக்குப் பின் முதல் மழையில் தரையிலிருந்து எழும் மணமும், தேங்கிய ஏரித் தண்ணீரின் சேற்று வாடையும், வளர்ப்புக் கெண்டையில் சில வேளை தெரியும் மண் ருசியும் பெரும்பாலும் ஒரே மூலக்கூறால் வருபவை. பாக்டீரியாக்களில் அந்த மூலக்கூறைச் செய்து முடிப்பது ஒரே ஒரு நொதி. அந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியை மட்டும் சற்று நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கும். தண்ணீரைப் பற்றி மட்டும் அறிய விரும்புபவர்கள் அதைத் தாண்டிச் சென்றாலும் பின்வருபவை புரியும்.

ஜியோஸ்மின் என்பது என்ன?

மண்வாசனைக்கு முதன்மையான காரணமாகிய மூலக்கூறின் பெயர் ஜியோஸ்மின். அதில் 12 கார்பன் அணுக்களும், 22 ஹைட்ரஜன் அணுக்களும், ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. ஆறு கார்பன் கொண்ட இரண்டு வளையங்கள் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அவை சந்திக்கும் இடத்தில் ஓர் ஆல்கஹால் தொகுதியைத் தாங்கியிருப்பது இதன் வடிவம். 1965ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி கெர்பர், ஹூபர்ட் லெசவாலியே ஆகிய இருவரும் மண் பாக்டீரியாக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். காசநோய்க்கு ஊசியாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டதும் அதே ரட்கர்ஸில்தான். மருந்தும் மணமும் ஒரே பாக்டீரியாக் குடும்பத்தின் சரக்குகள் என்பதால் இது வியப்புக்குரிய தற்செயல் அன்று.

மண்ணின் வாசனை ஏதோ ஒரு கரிமப் பொருளால் வருகிறது என்பதை 1891லேயே பிரெஞ்சு வேதியியலர் பெர்தெலோவும் ஆந்திரேயும் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பொருள் மிகச் சிறிய அளவில் இருந்ததால் அதன் அமைப்பைக் கண்டுகொள்ள மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எந்தெந்த உயிர்கள் இதைச் செய்கின்றன?

முதலாவது, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்தவை. இவை பாக்டீரியாக்களே என்றாலும் பூஞ்சையைப் போல இழை இழையாக வளர்ந்து, வறட்சி வரும்போது மேல்நோக்கி எழும்பும் இழைகளின் நுனியில் வித்துகளை உண்டாக்குகின்றன. இரண்டாவது, நீரில் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள்; அனபீனா, ஆசிலடோரியா, பார்மிடியம் போன்றவை இவற்றுள் அடங்கும். நம் ஊரில் இவற்றையும் பாசி என்றே சொல்கிறோம், அதில் பெரிய பிழையில்லை. மூன்றாவது, மிக்சோபாக்டீரியா என்னும் மண் பாக்டீரியாக்கள். தோட்ட மண்ணின் மணத்துக்கு முதல் வகையும், ஏரித் தண்ணீரின் வாடைக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகையும் பொறுப்பு. ஒன்றுக்கொன்று தொலைவான இந்த உயிர்கள் ஒரே மாதிரியான நொதியை வைத்துக்கொண்டு ஒரே மூலக்கூறைச் செய்கின்றன.

அந்த நொதி எப்படி வேலை செய்கிறது?

நொதியின் பெயர் ஜியோஸ்மின் சிந்தேஸ். ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலர் என்ற பாக்டீரியாவில் இது 726 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே புரதச் சங்கிலி. அதற்குள் இரண்டு பாதிகள் உள்ளன. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து நடக்கும் இரண்டு பட்டறைகளைப் போல, முன்பாதி செய்து தரும் பொருளைப் பின்பாதி எடுத்து முடிக்கிறது.

தொடக்கப் பொருள் ஃபார்னெசில் டைபாஸ்பேட். இது 15 கார்பன்கள் கொண்ட நீண்ட சங்கிலி. அதன் ஒரு முனையில் இரண்டு பாஸ்பேட் தொகுதிகள் தொங்கும். மண்வாசனைக்கென்றே தயாராகும் பொருள் அன்று இது. நம் உடலில் கொலஸ்ட்ரால் உருவாகும் வழியிலும் இதே பொருள் இடையில் வந்து போகிறது. முன்பாதியின் குழிக்குள் மூன்று மக்னீசியம் அயனிகள் இந்தப் பாஸ்பேட் முனையைப் பற்றிக்கொண்டு அதைச் சங்கிலியிலிருந்து பிரித்துவிடுகின்றன. பாஸ்பேட் போனதும் அந்த முனையிலுள்ள கார்பனில் எலெக்ட்ரான் பற்றாக்குறை ஏற்பட்டு நேர்மின்னேற்றம் உண்டாகிறது. அது தாங்காமல் சங்கிலி வளைந்து, மறுமுனைக்கு அருகிலுள்ள இரட்டைப் பிணைப்போடு சேர்ந்து, பத்துக் கார்பன் கொண்ட பெரிய வளையமாகிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர, ஜெர்மாக்ராடையீனால் என்ற ஆல்கஹால் கிடைக்கிறது. முன்பாதியின் விளைபொருளில் நூற்றுக்கு 85 பங்கு இது. மீதி 15 பங்கு, நீர் சேராமல் திசைமாறிப் போன ஜெர்மாக்ரீன் டி என்ற ஹைட்ரோகார்பன். நொதிகள் துல்லியமானவை என்று பாடநூல்கள் சொல்வதை இந்த 15 பங்கு சற்றுத் தளர்த்திக் காட்டுகிறது.

பின்பாதியின் வேலைதான் வேதியியலர்களை வியக்க வைத்தது. 15 கார்பன் உள்ள ஜெர்மாக்ராடையீனாலிலிருந்து 12 கார்பன் உள்ள ஜியோஸ்மின் வர வேண்டுமானால் மூன்று கார்பன்களை வெட்டி எறிய வேண்டும். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்க ஆக்சிஜனைச் செலவிடும் வேறு நொதிகளும் அவற்றுக்கான துணைப் பொருட்களும் வேண்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இங்கே அவை எதுவும் இல்லை. பின்பாதி ஜெர்மாக்ராடையீனாலுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது. பெரிய வளையம் உள்பக்கமாக இணைந்து, ஆறு கார்பன் கொண்ட இரண்டு வளையங்களாகிறது. அதன் தொடர்ச்சியாக, ஆல்கஹால் தொகுதியைத் தாங்கியிருந்த மூன்று கார்பன் துண்டு கழன்று வெளியேறுகிறது. வெளியேறும் அந்தத் துண்டு அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அதே திரவம். எஞ்சுவது ஆக்டலின் என்ற 12 கார்பன் பொருள். அதற்கு மீண்டும் ஒரு புரோட்டான் கிடைக்கிறது, ஒரு ஹைட்ரஜன் பக்கத்துக் கார்பனுக்கு நகர்கிறது, கடைசியாக ஒரு நீர் மூலக்கூறு சேர்கிறது. ஜியோஸ்மின் தயார்.

வளையமாக்குதல், துண்டித்தல், இடம் மாற்றுதல், நீர் சேர்த்தல் ஆகிய இத்தனையும் ஒரே புரதத்துக்குள், வெளியிலிருந்து மக்னீசியத்தைத் தவிர வேறு உதவி எதுவுமின்றி நடக்கின்றன. மணத்தைவிட இந்த வேதியியல்தான் இந்த விஷயத்தின் உண்மையான சுவை என்பது என் கருத்து.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரின் முழு மரபணுத் தொகுதி 2002இல் வெளியானது. சுமார் 87 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ள அந்தத் தொகுதியில் 7,825 மரபணுக்கள் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். இத்தகைய வளைய மூலக்கூறுகளைச் செய்யும் நொதிகளின் சாயல் எந்தெந்த மரபணுக்களில் இருக்கிறது என்று தேடும் வழி அதனால் திறந்தது. மறு ஆண்டே, இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்தவர்கள் குறிப்பிட்ட ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தபோது அந்தப் பாக்டீரியா ஜியோஸ்மின் செய்வதை நிறுத்திவிட்டது. அதே 2003இல், அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேன் குழுவினர் அந்த மரபணுவின் புரதத்தைத் தனியே தயாரித்து, அது ஃபார்னெசில் டைபாஸ்பேட்டை ஜெர்மாக்ராடையீனாலாக மாற்றுவதைக் காட்டினார்கள்.

அப்போது கதை பாதியில் நின்றது. ஜெர்மாக்ராடையீனாலுக்குப் பிறகு என்ன என்பதற்கு 2006இல்தான் விடை வந்தது: அதே புரதம், வேறு எந்த நொதியின் உதவியும் இன்றி, சோதனைக் குழாயிலேயே ஜியோஸ்மினையும் செய்தது. 2007இல் கேன் குழுவினர் புரதத்தை இரண்டாக வெட்டி, முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே தயாரித்துச் சோதித்தார்கள். முன்பாதி தனியாகவே ஜெர்மாக்ராடையீனாலைச் செய்தது. பின்பாதிக்கு ஜெர்மாக்ராடையீனாலைக் கொடுத்தபோது அது ஜியோஸ்மினாக மாறியது. பின்பாதியில் குறிப்பிட்ட அமினோ அமிலங்களை மாற்றிவிட்டால் வேலை நடுவழியில் நின்றுபோவதும் தெரிந்தது. வெளியேறும் மூன்று கார்பன் துண்டு அசிட்டோன்தான் என்பதை 2008இல் உறுதி செய்தார்கள். முன்பாதியைப் படிகமாக்கிக் கண்ட முப்பரிமாண வடிவம், அதன் குழிக்குள் மூன்று மக்னீசியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும் நிலையில், 2015இல் வெளியானது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட, மரபணுவை நீக்குதல், புரதத்தைத் தனியே செய்தல், பாதியாக வெட்டுதல், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றுதல் என்ற வரிசையைக் கவனித்தால், எந்த நொதியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையையும் தாமாகவே படித்துவிடலாம்.

பாக்டீரியாவுக்கு இந்த மணத்தால் என்ன பயன்?

ஜியோஸ்மின் செய்யும் மரபணுவை இழந்த பாக்டீரியா ஆய்வகத்தில் நன்றாகவே வளர்கிறது. ஆகவே இது பாக்டீரியாவின் அன்றாடப் பிழைப்புக்கானது அன்று. அப்படியிருந்தும் ஸ்ட்ரெப்டோமைசஸ் இனங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த மரபணுவைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு ஏதேனும் காரணம் இருக்க வேண்டும்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு நல்லதொரு விடையைத் தந்தது. மண்ணில் வாழும், மில்லிமீட்டர் அளவேயான வால்துள்ளிகள் என்னும் ஆறுகால் உயிர்கள் ஜியோஸ்மினை முகர்ந்து தேடி வருகின்றன. அவை ஸ்ட்ரெப்டோமைசஸைத் தின்கின்றன; வித்துகள் அவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டும், குடலைக் கடந்து எச்சத்தோடு வெளிவந்தும் புதிய இடங்களுக்குப் போய்ச் சேருகின்றன. ஸ்ட்ரெப்டோமைசஸ் வித்துகளை உண்டாக்கும் கட்டத்தோடு இணைத்தே ஜியோஸ்மினைச் செய்கிறது என்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. நகர முடியாத பாக்டீரியா, பரவுவதற்கு மணத்தை அனுப்பி வாகனத்தை வரவழைக்கிறது.

ஆனால் எல்லா உயிர்களுக்கும் இது அழைப்பு அன்று. பழ ஈக்கு ஜியோஸ்மினுக்கென்றே தனியாக ஓர் உணர்வேற்பி இருப்பதை 2012இல் கண்டறிந்தார்கள். அந்த மணம் பட்டால், பழம் நல்லதாகவே இருந்தாலும், ஈ அதில் உட்காராது, முட்டையிடாது. நச்சுப் பொருட்களைச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது.

முதல் மழையில் மட்டும் மணம் அவ்வளவு தூக்கலாக இருப்பது ஏன்?

வறண்ட மாதங்களில் மண்ணில் ஜியோஸ்மினும் வித்துகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. துளி விழும்போது அவை காற்றில் ஏறுகின்றன. எப்படி ஏறுகின்றன என்பதை 2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் அதிவேகக் காமிராவில் பதிவு செய்தார்கள். துளி மண்ணில் பட்டதும் அதனடியில் சிறு காற்றுக் குமிழிகள் சிக்கி, மேலெழுந்து உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளைத் தெறிக்கின்றன. மெல்லிய, மிதமான மழையில்தான் இது நன்றாக நடக்கிறது. வேகமாக அறையும் கனமழையில் குறைகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போது மணம் அடங்கிவிடுவதற்கும், அதற்கு முன் வரும் தூறலில் மாதவரம் தோட்டங்களிலிருந்து அது நன்றாக எழுவதற்கும் இது ஒரு காரணம்.

மழை மணம் முழுவதும் ஜியோஸ்மின் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். வறண்ட காலத்தில் செடிகள் விடும் எண்ணெய்ப் பொருட்களும் மண்ணிலும் கல்லிலும் படிந்திருந்து ஈரம் பட்டதும் வெளிவருகின்றன. ஆஸ்திரேலியாவின் ஜாய் பேர், தாமஸ் ஆகிய இருவர் 1964இல் இதைப் பற்றி எழுதியபோது, உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் இதே மணத்தை மண்ணிலிருந்து வடித்தெடுத்து, சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்பதையும் குறிப்பிட்டார்கள்.

ஏரித் தண்ணீரில் வாடை வருவதற்கு எவ்வளவு ஜியோஸ்மின் வேண்டும்?

நம் மூக்கு இந்த ஒரு பொருளுக்கு அளவுக்கு மீறிய கூர்மை உடையது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். அதற்கும் குறைவாக இருக்கையிலேயே கண்டுபிடிப்பவர்களும் உண்டு. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதைப் புழல் ஏரியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 1876இல் கட்டப்பட்ட அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 9,300 கோடி. அத்தனை தண்ணீரிலும் லிட்டருக்கு 10 நானோகிராம் கலந்திருக்க வேண்டுமானால் மொத்தம் தேவைப்படும் ஜியோஸ்மின் ஒரு கிலோகிராம்கூட இல்லை. 930 கிராம் போதும். ஏரி பாதிக்குக் குறைந்திருக்கும் ஜூன் மாதத்தில் இன்னும் குறைவாகவே போதும். வெயில் கடுமையாகி, நீர்மட்டம் இறங்கி, தண்ணீர் அசையாமல் கிடந்து, கழிவுநீரிலிருந்தோ உரத்திலிருந்தோ நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்து சேர்ந்தால் எந்த ஏரியிலும் நீலப்பச்சைப் பாக்டீரியா பெருகும். வாடை வருவதற்கு ஏரி அழுக்காகத் தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அந்தத் தண்ணீரைக் குடித்தால் கெடுதியா?

குடிநீரில் காணப்படும் அளவில் ஜியோஸ்மின் நச்சு அன்று. பிள்ளைகள் தண்ணீர் வேண்டாமென்று முகம் சுளிப்பதுதான் அதனால் வரும் உண்மையான தொல்லை. ஆனால் இந்த விடையை இரண்டு பக்கமும் எல்லை கட்டித்தான் சொல்ல முடியும். சில நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் கல்லீரலையோ நரம்பையோ தாக்கும் நச்சுகளையும் செய்கின்றன. அவற்றைச் செய்யும் மரபணுக்கள் வேறு, ஜியோஸ்மினைச் செய்யும் மரபணு வேறு. ஆகவே சேற்று வாடை வந்தால் நச்சும் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வாடை இல்லாததால் தண்ணீர் நல்லது என்றும் முடிவு கட்ட முடியாது. காலராவையோ டைபாய்டையோ பரப்பும் கிருமிகளுக்கு மண்வாடை கிடையாது.

காய்ச்சினால் போகுமா? குளோரின், ஆர்.ஓ. எது பயன்படும்?

காய்ச்சினால் உடனே போகாது. சூடான தண்ணீரிலிருந்து ஜியோஸ்மின் வேகமாகக் காற்றில் ஏறுவதால் முதலில் வாடை கூடியது போலவே இருக்கும். காபி போடும்போது சிலர் அதிகமாகக் குறைப்படுவது இதனால்தான். கிருமிகளைக் கொல்வதற்காகக் காய்ச்சுவதை நிறுத்த வேண்டாம், வாடைக்கு அது மருந்தன்று என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும். குளிர்ந்த தண்ணீரில் வாடை அடங்கித் தெரியும்.

வழக்கமான அளவிலுள்ள குளோரினும் இதை உடைப்பதில்லை. குளோரின் பாய்ந்து தாக்குவதற்கு வசதியான இரட்டைப் பிணைப்பு எதுவும் ஜியோஸ்மினில் கிடையாது. நொதி அதை அவ்வளவு இறுக்கமாக முடித்து அனுப்பியிருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போட்டுத் தெளிய வைப்பது பாக்டீரியா செல்களை முழுசாக அகற்றும். செல்லுக்கு வெளியே கரைந்துவிட்ட ஜியோஸ்மினை அகற்றாது. கரைந்ததை எடுக்கக் கிளர்வுற்ற கரித்தூளில் ஒட்டவைப்பதும், ஓசோன் செலுத்துவதும் நடைமுறையில் உள்ள வழிகள். மணல் வடிப்பானில் வளரும் சில பாக்டீரியாக்கள் ஜியோஸ்மினைத் தின்று தீர்க்கவும் செய்கின்றன. ஒரு மூலக்கூறைச் செய்ய ஓர் உயிர் இருந்தால், அதைத் தின்ன இன்னொன்று இருக்கும்.

வீட்டு ஆர்.ஓ. கருவியில் சவ்வுக்கு முன்னும் பின்னும் கரி வடிப்பான்கள் இருப்பதால் அது வாடையை நன்றாகவே குறைக்கும். ஆனால் கரியின் பரப்பு நிரம்பிவிட்டால் பிறகு அது எதையும் பிடிக்காது. கருவி ஓடிக்கொண்டிருந்தும் வாடை திரும்ப வந்தால் முதலில் கரி வடிப்பானை மாற்ற வேண்டும்.

ஏரியில் மருந்து போட்டுப் பாசியைக் கொன்றுவிட்டால் என்ன?

ஜியோஸ்மினின் பெரும்பகுதி உயிரோடிருக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியாவின் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாமிர சல்பேட் போன்றவற்றைப் போட்டு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொன்றால் செல்கள் உடைந்து உள்ளிருந்ததெல்லாம் தண்ணீரில் கலந்துவிடும். வாடை குறைவதற்குப் பதிலாகச் சில நாட்களுக்கு ஏறும். பெருகத் தொடங்கும்போதே கவனிப்பது மேல். அதற்கு இந்த நொதியின் மரபணுவே உதவுகிறது: வெளிநாடுகளில் சில நீர்த்தேக்கங்களில், தண்ணீர் மாதிரியிலுள்ள ஜியோஸ்மின் சிந்தேஸ் மரபணுவின் நகல்களை பி.சி.ஆர். முறையில் எண்ணி, வாடை எழும் முன்பே ஆபத்தை அறிகிறார்கள். கோவிட் காலத்துக்குப் பின் பி.சி.ஆர். என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிருமிக்குப் பதிலாக இங்கே நொதியின் மரபணுவைத் தேடுகிறார்கள், அவ்வளவே.

மணலி, எண்ணூர்ப் பக்கம் சில இரவுகளில் வீசும் வாடையும் இதுதானா?

இல்லை. அழுகிய முட்டை நாற்றமோ, எரிவாயு கசிந்தது போன்ற நெடியோ கந்தகச் சேர்மங்களால் வருவது; மூக்கை எரிக்கும் காரம் அமோனியாவால் வரலாம். அவற்றுக்கும் ஜியோஸ்மினுக்கும் தொடர்பில்லை. குழாய்த் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றமோ சாக்கடை நாற்றமோ வந்தால் அதைப் பாசி வாடை என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. கழிவுநீர் கலந்திருக்கலாம் என்பதால் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே புகார் செய்ய வேண்டும். நனைந்த மண்ணின் வாடை, பீட்ரூட்டை நறுக்கும்போது வரும் வாடை ஆகியவையே ஜியோஸ்மினின் அடையாளம்.

பீட்ரூட்டிலும் இதே பொருளா?

ஆம், அதே ஜியோஸ்மின். கிருமி நீக்கிய சூழலில் வளர்த்த பீட்ரூட்டிலும் அது இருந்ததால், மண்ணிலிருந்து ஒட்டியது மட்டுமன்று என்று தெரிகிறது.

ஏரி மீனில் வரும் மண் ருசிக்கும் புளிக்கும் என்ன தொடர்பு?

காசிமேட்டில் வாங்கும் கடல் மீனில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. ஏரியிலும் குட்டையிலும் வளரும் ஜிலேபி, கெளுத்தி, கட்லா போன்றவை செவுள் வழியாக ஜியோஸ்மினை இழுத்துக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. பிடித்த மீனைச் சில நாட்கள் சுத்தமான ஓடும் தண்ணீரில் உயிரோடு விட்டுவைத்தால் அது மெல்ல வெளியேறுகிறது. வளர்ப்பவர்கள் செய்யக்கூடிய சரியான வழி அதுதான்.

அமிலம் பட்டால் ஜியோஸ்மின் தன்னிடமுள்ள நீரை இழந்து, வாடையே இல்லாத வேறொரு பொருளாகிறது என்பதைக் கெர்பரே கண்டிருந்தார். நொதி கடைசியாகச் சேர்த்த நீர் மூலக்கூறைத்தான் அமிலம் பறிக்கிறது. ஆய்வகத்தில் இதற்குப் பயன்படும் அமிலம் வலியது. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ளது மெல்லியது. ஆகவே மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதாலும், குழம்பில் புளியைத் தூக்கலாக விடுவதாலும் மண் ருசி குறையலாமே தவிர முழுவதும் நீங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதியையும் தோலையும் நீக்கிவிடுவது கூடுதல் பலன் தரும்.

இந்த மணம் கொசுவை ஈர்க்கும் என்பது உண்மையா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவைப் பொறுத்தவரை உண்மை. தெருவுக்குத் தெரு டிரம்மிலும் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியிருக்கும் பகுதிகளுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி. 2020இல் வெளியான ஆய்வின்படி, முட்டையிட இடம் தேடும் பெண் கொசு ஜியோஸ்மின் மணமுள்ள தண்ணீரை விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. நீலப்பச்சைப் பாக்டீரியா இருக்கும் தண்ணீரில் அதன் புழுக்களுக்கு உணவு உண்டு. மணம் அதற்கு அடையாளம். பழ ஈயை விரட்டும் அதே மூலக்கூறு கொசுவை அழைக்கிறது. அதே ஆய்வாளர்கள் பீட்ரூட் தோலைப் பொறியில் வைத்துக் கொசு முட்டைகளைக் கவர்ந்தும் காட்டினார்கள்.

கோடையில் வெயில் படும்படி மூடியில்லாமல் வைத்த டிரம்மின் உட்சுவரில் பச்சையாகப் படிவது வெறும் அசிங்கம் அன்று. கொசுவை ஈர்க்கும் மணத்தின் ஊற்றாகவும் அது இருக்கலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸின் முட்டைகள் ஈரமான சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். வாரத்துக்கு ஒரு முறை தேய்த்துக் காயவைத்து, பிறகு துணி கட்டி மூட வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க முடியுமா?

முடியும். எந்தத் தோட்ட மண்ணும் போதும்; கடற்கரை மணலைவிடச் செங்குன்றம் பக்கத்து வயல் மண் நல்லது. மண்ணை நிழலில் உலர்த்தினால் மற்ற பல பாக்டீரியாக்கள் குறைந்து, வித்துகளாக இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் மிஞ்சும். கிருமி நீக்கிய நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஸ்டார்ச் கேசின் அகார் தட்டில் பரப்ப வேண்டும். பூஞ்சை மூடிவிடாமலிருக்க நிஸ்டாட்டின் சேர்ப்பது வழக்கம். 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே வழவழப்பாக வளர்பவை நாம் தேடுபவை அல்ல. சுண்ணாம்புப் பொடி தூவியது போல வறண்டு, ஊசியால் தொட்டால் அகாரிலிருந்து பெயர மறுக்கும் சிறு கூட்டங்களே ஸ்ட்ரெப்டோமைசஸாக இருக்க வாய்ப்புண்டு.

அடையாளம் காண மாணவர்கள் தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம், மண்ணிலிருந்து வேறு எந்தக் கிருமி அந்தத் தட்டில் வளர்ந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. மூடிய தட்டை அடுக்கிவைத்திருக்கும் அலமாரியைத் திறந்தாலே மணம் வந்துவிடும். வேலை முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.